யாரும் திருத்தாமல் மறைந்த பிழை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், "லிங்கர் பிழை வந்தா முதல்ல என்ன செய்வீங்க சேர்?" என்று கேட்டார். "சந்தோசப்படுவன்" என்றேன். ஓய்வு பெற்றவர் எதையோ உளறுகிறார் என்று அவர் முகம் சொல்லிற்று. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புளியந்தீவில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் இந்த மென்பொருள் நிறுவனத்தை நான் நடத்தினேன். நிறுவனம் என்பது பெயர்ப்பலகையில் மட்டும். உள்ளே மூன்று பேர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த தவராணி சி மொழியில் நிரல் எழுதினார். ஏறாவூர் றிஸ்வான் கருவிகளைப் பார்த்தார். நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தேன். இடைக்கிடை நானும் நிரல் எழுதுவதுண்டு. தவராணி அதை மறுநாள் சத்தமில்லாமல் அழித்துவிட்டுத் தானே எழுதுவார். நாங்கள் அதைக் கூட்டுமுயற்சி என்று அழைத்தோம்.

எங்களிடமிருந்த முக்கியமான வேலை வாவியின் நீர்மட்டம். மாரியில் வாவி நிரம்பும்போது முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடும். வட்டையில் நெல் விதைத்தவர்களுக்கு அந்த வெட்டு பிந்தக்கூடாது. இளம் பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிடும். வாவியில் வலை போடுபவர்களுக்கு அது முந்தக்கூடாது. வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் மீன்குஞ்சும் தண்ணீரோடு போய்விடும். ஒவ்வொரு மாரிக்கும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் கூடும். ஒரு தரப்பு ஒரு பாலத்துத் தூணைக் காட்டும், மறுதரப்பு வேறொரு பாலத்துத் தூணை. காற்று தண்ணீரை ஒரு கரைக்கு ஒதுக்குவதால் இரண்டு தரப்பும் சொன்னது உண்மையாகவே இருந்தது. அதுதான் பெரிய கஷ்டம்.

கடைசியில் வாவியின் அடியில் பல இடங்களில் கருவிகளைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வரும் ஒரே மட்டத்தை ஏற்பதென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. குறித்த கோட்டுக்கு மேலே என்றால் வெட்டுவது. கீழே என்றால் வெட்டாமல் விடுவது. அந்த மட்டத்தைக் கணக்கிடும் நிரல் எங்களுடையது. இப்படியாக, ஊரில் காலாகாலமாக இருந்த சண்டை தீர்ந்து எங்கள் மாடிப்படியடியில் வந்து உட்கார்ந்தது.

நான் சொல்லப்போகும் நாளில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் நகராமல் நின்றது. மழை விட்டபாடில்லை. விடியற்புறத்து இடியில் நிரல் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் எரிந்துபோயிற்று. மூலக்கோப்புகளின் பிரதி வேறிடத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் அவற்றையெல்லாம் எப்படிக் கோத்து ஒரு நிரலாக்குவது என்ற கட்டளை எரிந்த இயந்திரத்தில் மட்டுமே இருந்தது. மூன்று பேரும் அது மற்ற இருவருக்கும் மனப்பாடம் என்று நம்பியிருந்தோம்.

மாற்று இயந்திரத்தின் மூளையான சில்லு வேறு வகை. அதற்கென்று கருவி விற்றவர்கள் தங்கள் ஸ்டெடிக் லைப்ரரியின் புதிய பதிப்பை அனுப்பியிருந்தார்கள். ஸ்டெடிக் லைப்ரரி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதை என் மனைவியும் வாசிப்பாள் என்பதால் சொல்கிறேன். மூலத்தைக் காட்ட விரும்பாதவர்கள், மொழிமாற்றி முடித்த துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தருவது. நம் நிரலுக்கு என்னென்ன வேண்டுமோ அவற்றை அந்த மூட்டைக்குள் தேடி எடுத்துப் பொருத்துவது லிங்கரின் வேலை. தேடியது கிடைக்காவிட்டால் நிரல் உருவாகாது, பிழைதான் வரும்.

மணல்மேட்டில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஏற்கனவே வந்து நின்றது. கடல் வற்றும் நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே வெட்டவேண்டும். அன்றைக்கு அது பின்னேரம். தவறினால் அடுத்த நாள். இன்னொரு நாள் பொறுக்க வட்டையால் முடியாது என்று விவசாயிகள் கச்சேரியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொறுப்பான பொறியியலாளர் ஒரு பெண்மணி. நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானத்துக்கு முன்பே பல தடவை தொலைபேசியில் வந்துவிட்டார்.

இன்னொன்றையும் நீங்கள் அறியவேண்டும். தவராணியின் அண்ணன் செங்கலடிப் பக்கத்து வட்டையில் விதைத்திருந்தார். அவருடைய வரம்புகள் முதல்நாளே தண்ணீருக்குள் மறைந்துவிட்டன. றிஸ்வான் திருமணம் முடித்து எங்கள் ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில் இருப்பவர். அவருடைய மாமனார் வாவியில் தொழில் செய்பவர். அன்று கச்சேரிக் கூட்டத்தில் மீனவர் பக்கத்துக்குப் பேசவந்தவரும் அவரே. ஒரு அறையில் இரண்டு தரப்பு, நடுவில் நான். எனக்கு வட்டையும் இல்லை, வலையும் இல்லை. அதனால் என்னை நடுநிலையாளர் என்று சொன்னார்கள். எதுவும் இல்லாதவனுக்கு அந்தப் பட்டம் மலிவாகவே கிடைக்கும்.

தவராணி நினைவிலிருந்து கட்டளையைத் தட்டினார். திரை நிறையப் பிழை. எல்லாம் ஒரே சொற்கள்: அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ், கேட்டது கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

"லைப்ரரியே பழுது போல சேர்" என்றார் றிஸ்வான். "புதுசு வேணும் எண்டு எழுதிக் கேப்பமா?"

"எழுதினா அவங்கட மறுமொழி தைப்பொங்கலுக்கு வரும்" என்றார் தவராணி. "இருங்க. நான்தான் லைப்ரரிய முன்னுக்குப் போட்டிட்டன்."

லிங்கர், கட்டளையை இடமிருந்து வலமாக ஒரு தடவைதான் வாசிக்கும். சந்தைக்குள் ஒருவழிப் பாதையில் போகிற ஆளைப்போல. கடையைத் தாண்டிய பிறகு "மிளகாய் வேணும்" என்று கத்தினால் திரும்பி வராது. எங்கள் கோப்புகள் தமக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே லைப்ரரியைத் தாண்டிப் போயிருந்தது. தவராணி அதைக் கட்டளையின் கடைசிக்கு மாற்றினார். திரை வெளித்தது. ஒரே ஒரு பிழை மிச்சம்.

அந்த ஒன்று காற்றழுத்தத் திருத்தம். வாவியின் அடியில் கிடக்கும் கருவி, தன் மேல் இருக்கும் பாரத்தை அளக்கிறது. பாரத்தில் தண்ணீரும் உண்டு, தண்ணீருக்கு மேலுள்ள காற்றும் உண்டு. காற்றின் பங்கைச் சரிசெய்யும் செயற்கூறு ஒன்று பழைய லைப்ரரியில் இருந்தது. புதியதில் அதைக் காணவில்லை என்று லிங்கர் சொல்லிற்று.

தொலைபேசி அடித்தது. "வந்திட்டுதா?" என்றார் மிஸ். பின்னால் மேசை தட்டும் சத்தம்.

"ஒண்டு மிச்சம் மிஸ்."

"நீங்க ஒண்டு எண்டிறீங்க. இஞ்ச ரெண்டு பகுதியும் என்னத் திங்கப் பாக்கிறாங்க."

நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது கரண்ட் போயிற்று. மாற்று இயந்திரத்துக்கு மின்கலம் தனியே இருந்தது; தவராணியின் மடிக்கணினியும் மின்கலத்தில் ஓடிற்று. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடும். தவராணி எங்கள் கோப்புகளில் ஏதாவது விடுபட்டிருக்குமோ என்று நினைத்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வதை விட்டு, எல்லாக் கோப்புறைகளிலும் உள்ளதை ஒன்றும் விடாமல் மொழிமாற்றி, மொத்தத்தையும் சேர்த்துக் கட்டளையைக் கொடுத்தார்.

பிழை போய்விட்டது. நிரல் உருவாயிற்று. ஓடிற்று. கருவிகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல, திரையில் மட்டம் வந்தது: கோட்டுக்கு ஒரு கையகலம் கீழே.

றிஸ்வான் நாற்காலியில் சாய்ந்தார். முகம் மலர்ந்ததை மறைக்க நல்லவிதமாகத்தான் முயன்றார். தவராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தவராணி?" என்றேன்.

"ஒண்டுமில்ல சேர்."

"சொல்லுங்க."

"எனக்கு இது குறைவு போலக் கிடக்கு. ஆனா எனக்கு அப்படித்தான் தோணும். அண்ணன்ட வயல் தண்ணிக்குள்ள. அதால நான் சொன்னாச் சரியா இராது."

என் முப்பது வருட உத்தியோகத்தில் கேட்ட மிக நேர்மையான தொழில்நுட்ப அறிக்கை அதுதான். ஆனால் அதை வைத்து எதுவும் செய்யமுடியாது. அவருக்கு அப்படித் தோன்ற ஒரு காரணம் இருந்தது. றிஸ்வானுக்கு வேறுவிதமாகத் தோன்ற ஒரு காரணம் இருந்தது. மட்டத்தைப் பற்றி வாதாடினால் கச்சேரிக் கூட்டத்தை மாடியில் இன்னொரு தடவை நடத்துவதாக முடியும். அதனால் வேறொன்றைக் கேட்டேன்.

"அந்தக் கடைசிப் பிழைய ஆர் திருத்தினது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் சேத்துப் போட்டன், போயிட்டுது" என்றார் தவராணி.

"போனது தெரியுது. ஏன் போனது?"

அந்த நேரம் பார்த்து மிஸ் மறுபடி தொலைபேசியில் வந்தார். "வந்திட்டுது எண்டு நினைக்கிறன். உங்கட பக்கம் சத்தமில்ல."

"திரையில ஒரு எண் இருக்கு மிஸ். அத நான் தரல்ல."

"என்ன?"

"இன்னும் நம்பேலாம இருக்கு."

"ஐயா, பெக்கோக்காரன் தண்ணி சுத்துது, இயந்திரத்தத் திருப்பி எடுக்கவா எண்டு கேக்கிறான். இருக்கிறதச் சொல்லுங்க. மறுகா பிழையெண்டா மாத்துவம்."

"சொன்னா அதுதான் முடிவு. நீங்க அத அங்க வாசிச்சாப் பிறகு நான் வேற எண் கொண்டுவந்தா, ரெண்டையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க. அடுத்த மாரிக்கும் நம்பமாட்டாங்க."

மேசை தட்டும் சத்தம் இன்னும் பலமாயிற்று. பிறகு, "பெக்கோக்காரன நிக்கச் சொல்றன். கனநேரம் நிக்கமாட்டான்" என்று வைத்துவிட்டார்.

வீரமாகப் பேசியதாக நினைக்கவேண்டாம். எண் சரியாகவே இருந்துவிட்டால், ஊரையே காக்கவைத்த கிறுக்கன் என்ற பெயர் எனக்கு மிஞ்சும். ஆனால் பிழை என்பது ஒரு கேள்வி. நாங்கள் பதில் சொல்லாமல் அது வாயை மூடியது என்றால் வேறு யாரோ பதில் சொல்லியிருக்கவேண்டும். யார் என்று தெரியாமல் அந்தப் பதிலில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

கேட்டால் லிங்கர் ஒரு வரைபடக் கோப்பு எழுதித் தரும். ஒவ்வொரு செயற்கூறும் எந்தத் துண்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற முழு விவரமும் அதில் இருக்கும். தவராணி அதைக் கேட்டு வாங்கினார். ஜன்னலடி வெளிச்சம் மங்கல், எழுத்து பொடி, என் கண் ஐம்பது தாண்டியது. "நீங்க வாசிங்க" என்று மடிக்கணினியை றிஸ்வான் பக்கம் திருப்பினேன்.

அவர் விரலைத் திரையில் வைத்து இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கேயே நின்றது. மழைச் சத்தம் கூரையில் கொட்டிற்று. அவர் என்னைப் பார்த்தார், தவராணியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அந்த வரியை நாங்கள் இருவரும் இருந்த இடத்திலிருந்து காண முடியாது. அவர் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கலாம்.

"சேர், இது அவங்கட லைப்ரரியில இருந்து வரல்ல" என்றார். "என்ட கோப்புல இருந்து வந்திரிக்கி."

"எந்தக் கோப்பு?"

"ஆரம்பத்துல, லைப்ரரி வந்து சேரமுதல், மேசையில வெச்சுக் கருவிய ஓட்டிப் பாத்தமே. அப்ப இந்தத் திருத்தம் இல்லாட்டி ஓடாது எண்டு அதே பேர்ல ஒரு வெறும் செயற்கூறு எழுதினன். ஒண்டும் செய்யாது. சைபரத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான்."

இப்போது எல்லாம் விளங்கிற்று. அந்தப் பெயரில் ஒன்று கோப்புகளுக்குள்ளேயே கிடைத்துவிட்டதால் லிங்கருக்குத் தேடவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அது எச்சரிக்காது, அதன் சட்டப்படி அதில் குற்றம் இல்லை. கேட்ட பெயர் கிடைத்தது, பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலையல்ல.

இதில் மோசமான விசயம், அந்த வெறும் செயற்கூறு சாதாரண நாளில் யாரையும் ஏமாற்றியிருக்கும் என்பது. காற்றழுத்தம் வழமையாக இருந்தால் திருத்தம் உண்மையிலேயே சைபருக்குப் பக்கத்தில்தான் வரும். எத்தனை தடவை சோதித்தாலும் எண் சரியாகவே இருந்திருக்கும். தாழமுக்கம் வந்து காற்றின் பாரம் குறைகிற நாளில்தான், தண்ணீர் குறைந்துவிட்டது என்று நிரல் நினைக்கும். வாவி பொங்குவதும் அந்த நாளில்தான்.

"அதத் தூக்குங்க" என்றேன்.

தவராணி தூக்கினார். பழைய பிழை உடனே திரும்பி வந்தது. நான் முதலில் சொன்ன சந்தோசம் அப்போது வந்தது. இதை எழுதும்போதும் கொஞ்சம் வருகிறது. ஆனால் மின்கலத்தின் அடையாளம் சிவப்பாகிவிட்டது.

"அப்ப உண்மையானது எங்க?" என்றார் றிஸ்வான். "எடுத்துப்போட்டாங்களா?"

"அவங்கட பேர்ப்பட்டியல்ல, தலைப்புக் கோப்புல, பேர் இன்னும் இருக்கு" என்றார் தவராணி. "பேர் இருந்தா எங்கயோ இருக்கும்."

அவர்கள் அனுப்பிய பொதியில் இருந்த ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் அந்தப் பெயரைத் தேடினார். நாங்கள் எடுத்து வைத்த லைப்ரரியில் அது இல்லை. அதே பொதியில் வேறொரு கோப்புறைக்குள் இன்னொரு சின்ன லைப்ரரி கிடந்தது. பழைய பதிப்பில் ஒன்றாக இருந்ததைப் புதியதில் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். தேடிய பெயர் அங்கே இருந்தது, வெறும் பெயராக இல்லாமல் உடம்போடு.

அதையும் கட்டளையின் கடைசியில் சேர்த்தார். உடனே வேறொரு பிழை. இந்தத் தடவை தவராணி சிரித்தார்.

"இது அங்க போய், அங்கயிருந்து இன்னொண்டக் கேக்குது சேர். சின்னதுக்குப் பெரிசு வேணும், பெரிசத் தாண்டி வந்திட்டம்."

"அப்ப?"

"பெரிசத் திரும்ப ஒருக்கா எழுதுறன். முன்னுக்கும் பின்னுக்கும்."

ஒரே லைப்ரரியின் பெயரை ஒரே கட்டளையில் இரண்டு தடவை எழுதுவதைப் பார்த்தால் தவறுதலாக எழுதியது போலத் தெரியும். உங்களில் யாராவது பிற்காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று அதில் ஒன்றை அழிக்கக்கூடும். அழிக்கவேண்டாம். அது அங்கே வந்தது எப்படி என்று இப்போது தெரியுமல்லவா?

பிழை ஒன்றும் இல்லை. இந்தத் தடவை யாரும் நாற்காலியில் சாயவில்லை. தவராணி நான் சொல்லாமலே வரைபடக் கோப்பை எடுத்து, தானே பார்க்காமல் றிஸ்வானிடம் நீட்டினார். றிஸ்வான் அந்த வரியைக் கண்டுபிடித்து, சின்ன லைப்ரரியின் பெயரைச் சத்தமாக வாசித்தார். அதன் பிறகுதான் நிரலை ஓட்டினோம். கருவிகள் பதில் சொன்னன. மட்டம் வந்தது.

கோட்டுக்கு மூன்று விரல் மேலே.

தவராணி கண்ணை மூடித் திறந்தார். றிஸ்வான் எழுந்து போய் ஜன்னலடியில் நின்றார். நான் தொலைபேசியை எடுத்தேன். மிஸ்ஸிடம் எண்ணைச் சொன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"ஆர் பாத்தது எண்டு கேக்கிறாங்க. ரெண்டு பகுதியும் இருக்கு, சொல்லத்தான் வேணும்."

தவராணியின் பெயரைச் சொன்னால் வயல்காரர் வீட்டுப் பெண் என்பார்கள். றிஸ்வானின் பெயரைச் சொன்னால், அவர் போய்ச் சாப்பிடவேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. என் பெயரைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது றிஸ்வான் வந்து தொலைபேசியைக் கையிலிருந்து வாங்கினார்.

"நான் பாத்தன் மிஸ், றிஸ்வான். மாமா அங்க இரிக்கிறாரா? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்க."

அவர் எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பிறகு ஒரு முதிர்ந்த குரல் கிட்ட வந்தது.

"மருமகன். நல்லாப் பாத்தியா?"

"முதல்ல கீழதான் காட்டிச்சு மாமா. அது என்ட பழைய கோப்பொண்டால வந்த பிழை. எடுத்துப்போட்டு ஓட்டினம். மேலதான் நிக்கிது."

"கீழ காட்டினதா?"

"ஓம் மாமா."

"அது பிழையெண்டு ஆர் கண்டது?"

"நான்தான்."

யாரோ இருமினார்கள். மிஸ் யாரிடமோ, பெக்கோக்காரனுக்குப் போன் எடுங்க, வெட்டச் சொல்லுங்க என்று சொன்னது தூரத்தில் கேட்டது. றிஸ்வான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார்.

"ராவைக்குச் சோத்துக்கு வருவாய்தானே?" என்றது அந்தக் குரல்.

"வாறன் மாமா."

"வா. இண்டைக்கு முகத்துவாரத்தில ஓடுற மீன் கொஞ்சம் ஆம்பிடும். நாளையில இருந்து பருப்புத்தான்."